கூண்டுக்குள் ஃபிஞ்சுகள், குளக்கரையில் சில்லைகள்

கோயம்புத்தூரில் எங்கள் வீட்டின் பின்புறத்தில் பல ஆண்டுகளாக ஏவியரி, அதாவது பறவைகள் பறந்து திரியும் அளவுக்குப் பெரிய கூண்டு அமைத்து, மணி தின்னும் சிறு பறவைகளான ஃபிஞ்ச் குருவிகளை வளர்த்து வருகிறேன். விடுமுறை நாள்களில் சூலூர், சிங்காநல்லூர் குளக்கரைகளுக்குச் சென்று பறவைகளைப் படம் எடுத்து இணையத்தில் பகிர்வதும் என் வழக்கம். கூண்டில் பறவை வளர்ப்பவருக்குக் காட்டுப் பறவைகளைப் பற்றிப் பேச என்ன தகுதி இருக்கிறது என்று நண்பர்கள் சிலர் கேட்டிருக்கிறார்கள். என் அனுபவத்தில் இவ்விரண்டும் ஒன்றையொன்று திருத்தியே வந்திருக்கின்றன. ஒரு சின்னஞ்சிறு குருவி எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்பதை நாள்தோறும் அருகிலிருந்து பார்த்ததால்தான், குளக்கரையில் எப்போது கேமராவை இறக்கிவிட்டு விலக வேண்டும், எடுத்த படங்களில் எதை யாரிடமும் காட்டக் கூடாது என்பது எனக்குத் தெளிவாயிற்று.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிட வேண்டும். வளர்க்க ஆசைப்படுபவர்களில் பலர் இதை அறியாமலேயே தொடங்குகிறார்கள். 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஃபிஞ்சுகளின் உறவான நம் நாட்டுச் சில்லைகளைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் அடைப்பதும் குற்றமாகும். வயல்வரப்பில் காணும் புள்ளிச் சில்லை, முட்காடுகளில் திரியும் வெண்தொண்டைச் சில்லை, கருந்தலைச் சில்லை, வெண்முதுகுச் சில்லை, மேற்குத் தொடர்ச்சி மலையின் கருந்தொண்டைச் சில்லை, இனப்பெருக்கக் காலத்தில் ஆண் மட்டும் செக்கச்செவேலென்று மாறும் சிவப்புச் சில்லை ஆகிய அனைத்துக்கும் இது பொருந்தும். சந்தையில் பச்சை, மஞ்சள், இளஞ்சிவப்புச் சாயம் ஏற்றி, வெளிநாட்டுக் குருவி என்று சொல்லி விற்கப்படுபவை பெரும்பாலும் இந்தச் சில்லைகளே. அடுத்த முறை இறகு உதிர்ந்து முளைக்கும்போது சாயம் போய்விடும். பல குருவிகள் அதுவரை உயிரோடு இருப்பதும் இல்லை. இரக்கப்பட்டு அவற்றை வாங்கிப் பறக்கவிடுபவர்களும் உண்டு. அந்த இரக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தப் பணம் அடுத்த வாரம் இன்னொரு கூட்டத்தை வலைவீசிப் பிடிக்கவே உதவும் என்பதால் அப்படிச் செய்ய வேண்டாம் என்றுதான் சொல்வேன். வனத்துறைக்குத் தகவல் கொடுப்பதே சரியான வழி.

வளர்க்கத் தகுந்தவை ஆஸ்திரேலியாவைப் பூர்வீகமாகக் கொண்ட ஜீப்ரா ஃபிஞ்ச், கோல்டியன் ஃபிஞ்ச், மனிதர் வளர்ப்பிலேயே உருவான பெங்காலீஸ் ஃபிஞ்ச் போன்றவை. ஆஸ்திரேலியா 1960 ஆம் ஆண்டிலேயே தன் காட்டுப் பறவைகளின் வணிக ஏற்றுமதியைத் தடைசெய்துவிட்டதால், இன்று நம் ஊர்க் கடைகளில் உள்ள ஜீப்ராவும் கோல்டியனும் பல தலைமுறைகளாகக் கூண்டிலேயே பிறந்தவை. ஜாவா குருவியின் நிலை வேறு. அது, உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. 2022 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தமும் அதைத் தொடர்ந்து 2024 இல் வந்த விதிகளும் அப்பட்டியல்களில் உள்ள உயிரினங்களை வைத்திருப்பவர்கள் ஒன்றிய அரசின் பரிவேஷ் இணையத்தளத்தில் பதிவுசெய்ய வேண்டும் என்று கூறுகின்றன. வாங்கும் நாளிலேயே ரசீதைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துவது நல்லது.

பெங்காலீஸ் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். அதன் மூதாதை வெண்முதுகுச் சில்லை. சீனத்திலிருந்து ஜப்பானுக்குக் கொண்டுசெல்லப்பட்ட சில்லைகளை ஏறத்தாழ 250 ஆண்டுகளாகக் கூண்டில் பெருக்கியதன் விளைவே இன்றைய பெங்காலீஸ். கசுவோ ஒகனோயா என்ற ஜப்பானிய ஆய்வாளர் காட்டுச் சில்லையின் பாட்டையும் பெங்காலீஸின் பாட்டையும் ஒப்பிட்டு ஆராய்ந்து, வளர்ப்புக் குருவியின் பாட்டு அமைப்பில் மிகவும் சிக்கலானது என்று காட்டியிருக்கிறார். வால்பாறைப் பக்கம் வெண்முதுகுச் சில்லைக் கூட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம், என் கூண்டில் பாடும் குருவியும் இதுவும் ஒரே இனம் என்ற எண்ணம் தவறாமல் வரும். இனம் ஒன்றுதான், ஆயினும் அதை மனிதன் வளர்க்கலாம், இதைத் தொடவும் கூடாது. இரண்டின் உடல்மொழியும் ஏறத்தாழ ஒன்றாக இருப்பதால், கூண்டில் கற்றதைக் காட்டில் அப்படியே பயன்படுத்த முடிகிறது.

ஏவியரி கட்டும்போது உயரத்தைவிட நீளத்துக்கே முதலிடம் தர வேண்டும். ஃபிஞ்சுகள் நேர்கோட்டில் இங்குமங்கும் பறப்பவை. எங்களுடையது 10 அடி நீளமும் 5 அடி அகலமும் 7 அடி உயரமும் கொண்டது. ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்று கடுமையாக இருப்பதால் மேற்குப் பக்கத்தைச் சுவராகவே எழுப்பினோம். ஐப்பசி மழையின் சாரலுக்காக வடக்குப் பக்கத்திலும் பாதி உயரத்துக்குச் சுவர் உண்டு. காலை வெயில் விழும்படி கிழக்குப் பக்கம் திறந்திருக்கிறது. கூரையில் மூன்றில் இரண்டு பங்கு ஓடு. மீதியில் கம்பிவலையும், சித்திரை, வைகாசியில் மட்டும் போடும் பச்சை நிழல்வலையும்.

கம்பிவலையின் கண் அரை அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அதையும் ஓர் அங்குல இடைவெளி விட்டு இரண்டு அடுக்காகப் போட வேண்டும். வேட்டைப் பறவையான வைரி வந்து வலையில் மோதும்போது குருவிகள் பதறி எதிர்ப்பக்க வலையில் ஒட்டிக்கொள்ளும். ஒற்றை வலையாக இருந்தால் பூனையும் வைரியும் வெளியிலிருந்தே காலைப் பிடித்து இழுத்துவிடும். எலி தோண்டாதபடி வலையைத் தரைக்குள் ஒன்றரை அடி புதைத்தோம். புதுக் கம்பிவலையின் துத்தநாகப் பூச்சு பறவைக்கு நஞ்சாகலாம் என்பதால் காடித் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, பல நாள் மழையிலும் வெயிலிலும் கிடத்திய பிறகே பொருத்தினோம். வாசலுக்கு இரண்டு கதவுகள் கட்டாயம் வேண்டும். வெளிக்கதவைச் சாத்திய பின்பே உள்கதவைத் திறக்க வேண்டும். எறும்பு பெரிய எதிரி. குஞ்சுகள் பொரிந்த கூட்டுக்குள் ஒரே இரவில் புகுந்துவிடும். அடிச்சுவரைச் சுற்றிச் சிறு வாய்க்கால் எடுத்துத் தண்ணீர் நிறுத்தியிருக்கிறோம். கொசு பெருகாதபடி அதை அடிக்கடி மாற்ற வேண்டும், ஏனெனில் பறவை அம்மையைப் பரப்புவதும் கொசுவே.

உணவில் தினைதான் அடிப்படை. அதனுடன் சாமை, பனிவரகு, சிறிது கம்பு ஆகியவற்றைக் கலக்கிறேன். வாரம் சில நாள் முருங்கைக்கீரையும் வெள்ளரிக்காய்த் துண்டும், குஞ்சுகள் இருக்கும்போது வேகவைத்த முட்டையும் தருகிறேன். புதிதாக வளர்ப்பவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது உமியைப் பற்றித்தான். ஃபிஞ்ச் ஒவ்வொரு மணியையும் அலகால் உடைத்து உமியைக் கிண்ணத்திலேயே விட்டுவிடும். மேலோட்டமாகப் பார்த்தால் கிண்ணம் நிறைந்திருப்பதுபோல் தோன்றும். உள்ளே ஒரு மணிகூட இருக்காது. இவ்வளவு சிறிய உடலால் ஒரு நாள் பட்டினியைக்கூடத் தாங்க இயலாது. காலையும் மாலையும் கிண்ணத்தைக் கையில் எடுத்து ஊதிப் பார்ப்பதை ஒருபோதும் விடக் கூடாது.

சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் மீனின் ஓடு வேண்டும். பறவைக் கடையில் கேட்கும் விலையில் பாதிக்கும் குறைவாக நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்ற பெயரில் அதே பொருள் கிடைக்கும். நன்றாகக் கழுவிக் காயவைத்துக் கட்டிவிட்டால் போதும். இது இல்லாத கூண்டில் பெட்டைக்கு முட்டை அடைத்துக்கொள்ளும். வால் தொங்க, இறகைச் சிலிர்த்துத் தரையில் உட்கார்ந்திருக்கும் பெட்டையைக் கண்டால் அதுவாகத்தான் இருக்கும். உடனே தனிக் கூண்டில் விளக்குச் சூட்டில் வைத்துக் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும்.

கூட்டுக்குச் சிறு வாய் கொண்ட மண்கலயங்களைத் தொங்கவிடுகிறோம். கூடு கட்ட, காய்ந்த அருகம்புல்லையும் குட்டையாக வெட்டிய தேங்காய் நாரையும் போடலாம். நீண்ட நூலைப் போடவே கூடாது, காலில் சுற்றிக்கொண்டு இறுகிவிடும். ஜீப்ரா நான்கு முதல் ஆறு முட்டை வரை இடும். ஆணும் பெண்ணும் மாறி மாறி 12 முதல் 14 நாள் அடைகாக்கும். குஞ்சுகள் மூன்று வாரத்துக்குள் வெளியே வரும். அதன் பின்னும் இரண்டு வாரமாவது பெற்றோர் ஊட்ட வேண்டும். கலயம் இருக்கும்வரை ஜீப்ரா ஓயாமல் முட்டையிட்டுக்கொண்டே இருக்கும். ஆண்டுக்கு மூன்று ஈட்டுக்கு மேல் விடாமல் கலயங்களைக் கழற்றிவிடுவதே பெட்டையின் உயிரைக் காக்கும். கோல்டியன் சில நேரம் தன் முட்டையையோ குஞ்சையோ கைவிட்டுவிடும். பொறுமைசாலியான பெங்காலீஸ் அந்த முட்டைகளை ஏற்று வளர்க்கும் என்பதால், கோல்டியன் வளர்ப்பவர்கள் பெங்காலீஸ் ஜோடியையும் வைத்துக்கொள்வது வழக்கம்.

புதிதாக வாங்கிய குருவியை ஒரு மாதமாவது தனிக் கூண்டில் வைத்துக் கவனிக்க வேண்டும். காற்றுப்பைச் சிற்றுண்ணி தொற்றியிருந்தால் மூச்சு விடும்போது மெல்லிய டிக் ஒலி கேட்கும். மூச்சுக்கு ஏற்ப வாலும் மேலும்கீழும் ஆடும். பறவைகள் நோயை மறைப்பதில் வல்லவை. கண்டுபிடிக்க நான் அறிந்த ஒரே வழி, நாள்தோறும் ஒரே நேரத்தில் கூண்டுக்கு வெளியே அசையாமல் அமர்ந்து பார்ப்பது. அப்படிப் பார்த்ததில்தான் நோயைவிட நுட்பமான ஒன்றையும் கற்றேன். அது அச்சத்தின் அடையாளம்.

அமைதியாக இருக்கும் ஃபிஞ்ச் இறகைத் தளர்த்தி உருண்டையாக இருக்கும், கோதிக்கொள்ளும், ஒற்றைக் காலில் நிற்கும். அச்சம் வந்தால் இறகு முழுவதையும் உடலோடு ஒட்டவைத்து ஒல்லியாகி, கழுத்தை நீட்டி, அசைவற்றுப் போகும். அழைப்பொலி குறுகும் அல்லது முற்றிலும் நின்றுவிடும். கூடு கட்டும் குருவி புல்லை வாயில் கவ்வியபடி கூட்டுக்குள் போகாமல் அருகிலுள்ள கிளையில் காத்திருக்கும். நான் கூண்டருகே நின்றால் காத்திருக்கும். நான்கடி பின்வாங்கினால் உள்ளே போய்விடும். என்னை நாள்தோறும் பார்த்து, என் கையால் உணவு பெறும் குருவியே இவ்வாறு நடந்துகொள்கிறது. மனிதரையே அண்டாத காட்டுச் சில்லைக்கு நாம் மூன்று கால் தாங்கியோடு பத்தடித் தொலைவில் போய் நிற்பது எவ்வளவு பெரிய தொந்தரவாக இருக்கும் என்பதை இதிலிருந்து கணித்துக்கொள்ளலாம்.

குளக்கரையில் நான் பின்பற்றும் விதிகள் எல்லாம் இதிலிருந்து வந்தவையே. நாணலில் சிவப்புச் சில்லை அமர்ந்திருந்தால் முதலில் கேமராவை எடுப்பதில்லை; இருநோக்கியில் அதன் இறகைப் பார்க்கிறேன். உருண்டையாக இருந்தால் அங்கேயே உட்கார்ந்து எடுக்கிறேன், ஒல்லியானால் பின்வாங்குகிறேன். வாயில் புல் இருந்தால், பக்கத்தில் கூடு உண்டு என்று பொருள். படம் எடுக்காமலே அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுகிறேன். செல்பேசியில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதை நான் செய்வதில்லை. தன் எல்லைக்குள் இன்னொரு ஆண் புகுந்துவிட்டதாக எண்ணி, ஊட்ட வேண்டிய நேரத்தை அது சண்டைக்குச் செலவிடும்.

கூட்டைப் படம் எடுப்பதில் எனக்கு விட்டுக்கொடுக்க முடியாத கருத்து உண்டு: எடுக்கவே கூடாது. தூக்கணாங்குருவி பனையோலையில் தொங்கவிட்ட கூடுகளைச் சாலையிலிருந்து எடுப்பது வேறு. அது எல்லோர் கண்ணுக்கும் தெரியும் குடியிருப்பு. புதருக்குள் மறைவாகக் கட்டிய கூட்டுக்கு முன் உள்ள இலையை விலக்கி எடுப்பது முற்றிலும் வேறு. விலக்கிய இலைவழியே வெயில் விழும். இறகு முளைக்காத குஞ்சுக்கு நண்பகல் வெயில் சிறிது நேரத்திலேயே உயிர்க்கேடாகிவிடும். காகமும் செம்போத்தும் நாம் எதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம் என்பதைக் கவனிக்கக்கூடியவை. கூண்டுக்குள்ளேயே, நன்கு பழகிய ஜோடியின் கலயத்தைத் தாய் வெளியே இரையுண்ணும் நேரம் பார்த்து ஒரு கணம் மட்டுமே எட்டிப் பார்க்கிறேன். காட்டில் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுக்கும் அறிவு எனக்குக் கிடையாது.

பகிர்வதற்கு வருவோம். செல்பேசியில் எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் இடக்குறிப்பு பதிவாகலாம். பல சமூக ஊடகங்கள் பொதுவெளியில் அதை நீக்கிவிடுகின்றன. ஆனால் வாட்ஸ்அப்பில் ஆவணமாக அனுப்பும்போதும் மின்னஞ்சலில் மூலக்கோப்பை இணைக்கும்போதும் அது அப்படியே போய்ச் சேரும். கேமரா செயலியின் அமைப்பில் இடப்பதிவை நிறுத்திவைப்பதே எளிய வழி. அதை நிறுத்தினாலும் பின்னணியில் தெரியும் கோயில் கோபுரமோ மதகோ இடத்தைச் சொல்லிவிடும். அரிய பறவையாக இருந்தால், படத்தைச் சில வாரம் கழித்து, மாவட்டப் பெயரோடு மட்டும் பகிர்கிறேன்.

பச்சைச் சில்லை இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. மத்திய, மேற்கு இந்தியாவில் மட்டுமே வாழும் அந்தக் குருவி, அபு மலையில் அதைப் பார்த்த பலரை மயக்கிய அழகு கொண்டது. அது அழிய வாய்ப்புள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டிருப்பதற்குக் கூண்டு வணிகமும் ஒரு காரணம். ஒரு கூட்டம் மாலையில் எந்தக் கரும்புத் தோட்டத்தில் அடைகிறது என்று துல்லியமாக எழுதினால், அதை முதலில் படிப்பவர் பறவை ஆர்வலராகத்தான் இருப்பார் என்று எவரும் உறுதி கூற முடியாது. உயிரினங்களைப் பார்த்தவர்கள் படத்தோடு பதிவிடும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஆபத்தில் உள்ள இனங்களின் இடம் தானாகவே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் அளவிலான கட்டத்துக்குள் மங்கலாக்கிக் காட்டப்படும். மற்ற இனங்களுக்கு நாமே அதைத் தேர்வு செய்யலாம். பறவைப் பதிவுகளுக்கான இபேர்ட் தளமும் சில இனங்களின் இடத்தை மறைக்கிறது. தரவு ஆய்வாளர்களுக்குப் பயன்படுவதும் பறவை பாதுகாப்பாக இருப்பதும் ஒன்றாகக் கைகூடும் என்பதால், சமூக ஊடகத்தைவிட இத்தளங்களில் பதிவதையே நான் விரும்புகிறேன்.

என் ஏவியரிப் படங்களை வேறு விதமாகக் கையாள்கிறேன். கம்பிவலையின் வழியே எடுக்க, லென்ஸை வலையை ஒட்டி வைத்து, லென்ஸின் ஒளித்துளையை அகலத் திறந்து, வலையிலிருந்து தள்ளி உட்கார்ந்திருக்கும் குருவியைக் குவியப்படுத்தினால் வலை மறைந்துவிடும். ஈயம் கலவாத கறுப்பு வண்ணம் பூசிய வலை கண்ணுக்கும் கேமராவுக்கும் உறுத்தாது. ஃபிளாஷ் வேண்டாம், காலை வெயிலில் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஷட்டர் வேகம் போதும். இப்படி எடுத்த படத்தில் வலை தெரியாது என்பதாலேயே ஒரு பொறுப்பும் வந்துவிடுகிறது. இது வளர்ப்புப் பறவை, ஏவியரியில் எடுத்தது என்று முதல் வரியிலேயே எழுதுகிறேன். ஐநேச்சுரலிஸ்டில் இட்டால் வளர்ப்பு உயிர் என்ற குறியை இடுகிறேன். இல்லாவிட்டால் கொங்கு நாட்டில் ஜீப்ரா ஃபிஞ்ச் காட்டுப் பறவையாக வாழ்வதாகப் பதிவாகிவிடும். குருவியைக் கையில் பிடித்தபடி எடுத்த படத்தை வெளியிடுவதில்லை, ஏனெனில் அதைப் பார்ப்பவர் மனத்தில் பிறப்பது தானும் அப்படிப் பிடிக்க வேண்டும் என்ற ஆசையே. வீட்டு முகவரியும் கூண்டின் பூட்டும் தெரியும் படங்களையும் தவிர்க்க வேண்டும். கோல்டியன் ஜோடிகள் திருடுபோவது இந்த வட்டாரத்தில் நடப்பதுதான்.

புள்ளிச் சில்லையின் படம் ஒன்றை வெளியிட்ட பிறகு, ஓர் இளைஞர், "அண்ணா, இந்தக் குருவி ஜோடி என்ன விலைக்குக் கிடைக்கும்?" என்று எழுதிக் கேட்டார். கோபப்பட்டுப் பயனில்லை. அது காட்டுப் பறவை, வாங்குவது குற்றம் என்று விளக்கி, வளர்க்க ஆசை இருந்தால் பெங்காலீஸ் வாங்குங்கள், கூண்டு அளவும் தீனியும் நான் சொல்லித் தருகிறேன் என்று பதில் எழுதினேன். அவர் அப்படியே செய்தார். இன்று உமி ஊதுவதைப் பற்றி என்னைவிடக் கண்டிப்பாகப் பேசுகிறார். அன்று முதல் காட்டுச் சில்லைப் படம் ஒவ்வொன்றின் கீழும், சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட பறவை, விற்பனைக்கோ வளர்ப்புக்கோ உரியதன்று என்ற வரியைச் சேர்த்துவிடுகிறேன்.

ஆண்டுதோறும் தை மாதத்தில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் வீட்டுத் தோட்டத்திலிருந்தே பதினைந்து நிமிடம் கவனித்துப் பட்டியல் அனுப்பலாம். ஏவியரிக்கு வெளியே சிந்திய தினையைப் பொறுக்க வரும் புள்ளிச் சில்லைகளை நான் அதில் எண்ணுகிறேன். அவற்றின் எச்சம் உள்ளே விழுந்து நோய் பரவாதபடி, ஓடு வேயாத கூரைப் பகுதிக்கு நேர்கீழே தீனியோ தண்ணீரோ வைப்பதில்லை.